தீபாவளி லீவுக்கு அப்புறம் அலுமினியம் ஏன் பால் மாதிரி வந்துச்சு

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, மத்தவங்களுக்கும் புரியணும்னு கேள்விய சுருக்கிச் சொல்லிடறேன். எம்எஸ்சி ப்ராஜெக்ட். டிஇஓஎஸ் (சிலிக்கா உண்டாக்குற ஒரு சிலிக்கான் திரவம்), எத்தனால், தண்ணி, ரெண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலக்கி, அத கண்ணாடி ஸ்லைடு மேல ஸ்பின் கோட் போட்டு (சுத்த விட்டு மெல்லிசா பரப்புறது), ஃபர்னஸ்ல 400 டிகிரில ஒரு மணி நேரம் சுட்டு, அதுக்கு மேல பெல் ஜார்ல, அதாவது காத்த உறிஞ்சி எடுத்த ஜாடிக்குள்ள, அலுமினியம் எவாப்பரேட் பண்றாரு, ஆவியாக்கி படிய விடுறாரு. பங்குனியில போட்டதெல்லாம் மூஞ்சி பாக்குற மாதிரி பளபளன்னு வந்துச்சாம். தீபாவளி லீவு முடிஞ்சு வந்து போட்டது பால் தெளிச்ச மாதிரி வெளுத்துப் போயி, அங்கங்க பொடிப்பொடியா கொப்புளம், செலோ டேப் ஒட்டி இழுத்தா அப்படியே உரிஞ்சு வருது, வேக்குவமும் வழக்கம்போல எறங்க மாட்டேங்குது. கைடு லீக்குன்னு சொல்லி காத்து புகாம அடைக்கிற ரப்பர் வளையத்த, ஓ ரிங்க, மாத்தச் சொல்லியிருக்காரு, மாத்தியாச்சு, அப்பவும் அதே கதைதான். என்னண்ணே பண்றதுன்னு கேக்குறாரு.

தம்பி, நீங்க கேள்வியோட கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "லீவுக்கு முன்னாடியே சுட்டு பெட்ரி டிஷ்ல போட்டு மூடி மேசை மேல வச்சிட்டுப் போனேன்"னு. அந்த வரிதான் பதில். ஓ ரிங் பாவம், அது மேல பழி போடாதீங்க. ஐப்பசி மாசம், மதுரைப் பக்கம் அடைமழை, அஞ்சாறு நாளு பூட்டிக் கெடந்த லேபு, அதுல ஒரு பெட்ரி டிஷ். அந்த மூடி தூசிக்குத்தான் காவல், ஈரத்துக்கு இல்ல.

புது செருப்பு வாங்குனா அட்டப்பெட்டிக்குள்ள ஒரு குட்டிப் பொட்டலம் கெடக்கும்ல, சிலிக்கா ஜெல்னு போட்டு, திங்காதேன்னு எழுதி. நீங்க ஸ்லைடு மேல பண்ணி வச்சிருக்கிறது அதுதான். பேருக்கு கண்ணாடிக் கோட்டிங்குன்னு சொல்றோம், ஆனா 400 டிகிரில சுட்ட சால் ஜெல் படலம் (இப்படித் திரவமா பூசி ஜெல்லாக்கி சுடுறதுக்கு அதான் பேரு) இன்னும் முழுக் கண்ணாடியா ஆகல. உள்ள நானோமீட்டர் கணக்குல ஓட்டை ஓட்டையா இருக்கும், ஓட்டைச் சுவரு பூரா சிலிக்கான்ல தொங்கிட்டு இருக்கிற ஓஹெச், சிலனால்னு சொல்லுவோம், அதுக்குத் தண்ணின்னா உசிரு. ஓட்டை எல்லாம் அடைஞ்சு நெசமான கண்ணாடியா இறுகணும்னா 900, 1000 டிகிரி கிட்ட போகணும், உங்க ஸ்லைடு சோடா லைம், அது 500 தாண்டுனாலே வளைய ஆரம்பிச்சிரும். அதனால சிலிக்கா ஜெல்லோடதான் குடும்பம் நடத்தணும்னு ஆயிப்போச்சு, அதுக்குத் தக்கன நடந்துக்கணும்.

எம்புட்டு தண்ணி குடிச்சிருக்கும், அது என்ன பண்ணும்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், ஏன்னா இந்த இடத்துலதான் எல்லாரும் "படலம் 300 நானோமீட்டர், அதுல என்ன பெருசா தண்ணி இருந்துறப் போகுது"ன்னு அசட்டையா விட்டுர்றாங்க. ஒரு ஸ்லைடு கிட்டத்தட்ட 19 சதுர செமீ. 300 நானோமீட்டர் தடிமன்னா மொத்தப் படலமும் ஒரு மில்லிகிராம் அளவுதான். அதுல எடைக்கு 5 சதவீதம் தண்ணின்னு கணக்குக்காக வச்சுக்குவோம், 50 மைக்ரோகிராம். இது பூரா ஆவியானா சாதாரண காத்தழுத்தத்துல 60 கன மில்லிமீட்டருக்கு மேல வரும், படலத்தோட கொள்ளளவு அரை கன மில்லிமீட்டர் சொச்சம்தான். அதாவது தன்னப் போல நூறு மடங்கு எடம் பிடிக்கிற கேஸ அந்தப் படலம் வயித்துல வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு. நீங்க ஒரு தடவைக்கு நாலு ஸ்லைடு வைக்கிறீங்க, உங்க பெல் ஜார் 25 லிட்டர்னு வச்சுக்கிட்டா, பம்ப் வால்வ மூடிட்டு அத்தனையும் ஒரே மூச்சுல விட்டா பிரஷர் 0.01 மில்லிபார் ஆயிரும். நீங்க எவாப்பரேஷன் ஆரம்பிக்கிறது 0.00001ல. ஆயிரம் மடங்கு.

பம்ப் ஓடிக்கிட்டுதானே இருக்கு, இழுத்துராதான்னு கேப்பீங்க. இழுக்கும், ஆனா நேரம் ஒத்துழைக்காது. ஃபிலமென்ட்டுல அலுமினியம் உருகி ஆவியாகணும்னா டங்ஸ்டன் 1200 டிகிரி கிட்ட தகதகன்னு எரியும், அந்த வெக்கை நேரா ஸ்லைடு மூஞ்சியில அடிக்கும், அடிச்ச அந்த அரை நிமிசத்துலதான் படலம் தண்ணியக் கக்கும், அலுமினியம் வந்து உக்கார்றதும் அதே அரை நிமிசத்துலதான். அதுவரைக்கும் சும்மா கெடந்த சனியன் கல்யாணத்தன்னைக்கு பாத்து எந்திரிக்கிற மாதிரி. வேக்குவம் அளக்குற பென்னிங் கேஜ் இருக்கிறது அடியில பம்ப் வாய்க்குப் பக்கத்துல, அது 0.00001னு காட்டிக்கிட்டே இருக்கும், ஸ்லைடு மூஞ்சிக்கு முன்னாடி அதுக்குப் பத்து மடங்கு இருக்கும், அது கேஜுக்கு எங்க தெரியப் போகுது.

அலுமினியம் பால் கலர் ஆறதும் இதனாலதான். 0.00001 மில்லிபார்ல தண்ணி ஆவி இருந்தாலே ஒரு செகண்டுக்கு சுமாரா மூணு அடுக்கு போடுற அளவுக்கு மூலக்கூறு வந்து மோதும். நீங்க அலுமினியத்த செகண்டுக்கு ஒரு நானோமீட்டர் போட்டா அது நாலு அடுக்கு. வந்த தண்ணி பூரா ஒட்டிக்கிறது இல்ல, இருந்தாலும் மேல சொன்ன பத்து மடங்கு ஆயிப்போச்சுன்னா அலுமினியத்த விட தண்ணிதான் அதிகமா விழுது. அலுமினியம் தண்ணியப் பாத்தா ஆக்சைடா மாறி ஹைட்ரஜன விட்டுரும், தானியம் தானியமா சொரசொரன்னு வளரும், வெளிச்சம் சிதறும், கண்ணுக்கு பால். கொப்புளம் வேற கதை, அது மேல அலுமினிய மூடி விழுந்த பிறகும் கீழ இருந்து கேஸ் வந்துக்கிட்டே இருந்து, வெளிய போக வழியில்லாம மூடியத் தூக்குனது. உரிஞ்சு வர்றதுக்கும் அதான் காரணம்.

சரி, 400 டிகிரில ஒரு மணி நேரம் சுட்டோமே, அப்ப எல்லாம் போயிருக்கணுமேன்னா, அதுல ரெண்டு விசயம் கெடக்கு.

விளாச்சேரி நமக்குப் பக்கம்தான், திருப்பரங்குன்றத்துல இருந்து ஒரு எட்டு. கொலு பொம்மை சுடுறதப் பக்கத்துல நின்னு பாத்தா இது வெளங்கும். பொம்மைய நெழல்ல காய வச்சு, தொட்டா சில்லுன்னு இல்லாத பக்குவம் வந்தப்பறம்தான் சூளையில அடுக்குவாங்க, அடுக்கின உடனே தீய ஏத்தவும் மாட்டாங்க, மொதல்ல பைய பொகை மூட்டம் மாதிரி லேசா சூடு காட்டிட்டே இருப்பாங்க, அவசரப்பட்டா பட்டுன்னு வெடிச்சுச் சிதறிரும். அந்த ஈரம் போறது ஒண்ணு. ஆனா களிமண்ணுக்குள்ள இன்னொரு தண்ணி இருக்கு, தண்ணி உருவத்துல இல்ல, ஓஹெச்சா களிமண் படிகத்துக்குள்ளயே கட்டிக்கிட்டு இருக்கும், அது 500, 600 டிகிரி போனாத்தான் பிரிஞ்சு தண்ணியா வெளிய வரும், அது போனப்பறம்தான் பொம்மை தண்ணியில போட்டாலும் கரையாது. வெயில்ல ஒரு மாசம் காய வச்சாலும் அந்த ரெண்டாவது தண்ணி போகாது.

கண்ணாடிக் கோட்டிங்லயும் இதே ரகம்தான், படலத்த வேக்குவத்துல வச்சு ஒரே சீரா சூடேத்தி வர்ற கேஸ, மூலக்கூற எடை வாரியா பிரிக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல எண்ணுனா, அந்தக் கோட்டுல மேடு மேடா தெரியும். 100, 200 டிகிரிக்குள்ள ஒரு மேடு, அது சும்மா ஒட்டிக்கிட்டு இருந்த தண்ணி. 300, 400 சுத்தி இன்னொண்ணு, அது பக்கத்துப் பக்கத்துல கைகோத்துட்டு இருந்த ரெண்டு சிலனால் சேந்து சிலிக்கான் ஆக்சிஜன் சிலிக்கான்னு பாலம் போட்டுக்கிட்டு மிச்சத்தத் தண்ணியா விடுறது. தனியா தூரமா நிக்கிற சிலனால் இருக்கு பாருங்க, ஜோடி கெடைக்காதது, அது 600க்கு மேல போனாலும் மெதுவா மெதுவாத்தான் வரும். அந்த மேடு எந்த டிகிரில வருதுங்கறது நீங்க எம்புட்டு வேகமா சூடேத்துறீங்கங்கறதப் பொறுத்து நகரும், 1962ல ரெட்ஹெட்னு ஒரு விஞ்ஞானி அத வச்சு பிணைப்பு எனர்ஜி கணக்குப் போடுற வழியச் சொன்னாரு, ஆனா அது மேற்பரப்புல ஒட்டின கேஸுக்குப் போட்ட கணக்கு, ஓட்டைக்குள்ள இருந்து தத்தித் தத்தி வெளிய வர்ற தண்ணிக்கு அத அப்படியே மாட்டி தீசிஸ்ல போட்டுறாதீங்க, வைவால மாட்டுவீங்க.

தண்ணி மட்டும் இல்ல. டிஇஓஎஸ்ல ஒட்டியிருந்த எத்தாக்சிங்கற கார்பன் துண்டு எல்லாம் தண்ணியோட முழுசா வினை புரிஞ்சிருக்காது, மிச்சம் இருக்கிறது 300ல இருந்து 500க்குள்ள எத்தனாலாவோ எத்திலீனாவோ கார்பன் டைஆக்சைடாவோ வரும். ஃபர்னஸ்ல காத்து நல்லாப் போனா எரிஞ்சு போயிரும், இல்லன்னா படலம் லேசா பழுப்பா நிக்கும்.

ஒண்ணாவது விசயம் இதுதான், 400ல சுட்டதுனால 400க்குக் கீழ வர்றது மட்டும்தான் போயிருக்கு, அதுவும் நெறைய நேரம் குடுத்திருந்தா. ரெண்டாவது, அதைவிட முக்கியமானது, போனது திரும்பி வரும். சிலிக்கா ஜெல் பொட்டலத்த அடுப்புல 120, 150 டிகிரில வறுத்து எடுத்து திரும்பத் திரும்ப பயன்படுத்துறோம்ல, லேப் டெசிக்கேட்டர்ல இருக்கிற நீல ஜெல் ஈரம் குடிச்சா ரோஸ் ஆயிரும், வறுத்தா மறுபடி நீலம். உங்க படலத்துக்கு நெறம் மாறத் தெரியாது, அம்புட்டுதான் வித்தியாசம்.

பழைய ஆளுகளுக்கே இது தெரியும். அமெரிக்காவுல ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) லேப்ல லாங்மியூர், 1932ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்குனவரு, பல்பு ஏன் உள்ள கறுத்துப் போகுதுன்னு பாக்குறப்ப கண்ணாடி பல்ப வேக்குவத்துல சூடேத்தி வர்ற கேஸ அளந்தாரு, வந்ததுல பெரும்பங்கு தண்ணி ஆவி, அப்புறம்தான் கார்பன் டைஆக்சைடு, நைட்ரஜன் எல்லாம். சூட்ட ஏத்த ஏத்த இன்னும் வந்துச்சு. திடமான கண்ணாடிக்கே அந்தக் கதின்னா நம்ம ஓட்டைப் படலத்துக்குக் கேக்கணுமா.

நான் சிங்கப்பூர்ல சிப்பு செய்யற ஒரு வேஃபர் ஃபேப்ல மெட்டல் செக்‌ஷன்ல எட்டு வருசம் குப்பை கொட்டினேன், பேரு வேண்டாம். அங்க ரெண்டு அலுமினிய அடுக்குக்கு நடுவுல மேடுபள்ளத்த நிரவ ஸ்பின் ஆன் கிளாஸ் போடுவோம், நீங்க போடுறதுக்கு அண்ணன் முறை, மெத்தில் குரூப் வச்ச சிலாக்சேன், தண்ணி அவ்வளவா குடிக்காது, ஹாட் பிளேட்ல மூணு படியா சூடு காட்டிட்டு நைட்ரஜன்ல 400 சொச்சத்துல சுடுறது. அப்புறம் கீழ இருக்கிற அலுமினியத்துக்கு இணைப்பு குடுக்க அதுல குழி வெட்டணும், வயான்னு சொல்றது. குழி வெட்டிட்டு, வெட்டுறதுக்கு மறைப்பா மேல பூசின ரெசிஸ்ட்ட ஆக்சிஜன் பிளாஸ்மாவுல எரிப்போம். அங்கதான் சிக்கல், அந்தப் பிளாஸ்மா ரெசிஸ்ட்ட மட்டும் எரிக்காது, குழிச் சுவர்ல தெரியிற கிளாஸோட மெத்திலையும் பிச்சு எறிஞ்சிட்டு அந்த எடத்துல ஓஹெச்ச வச்சிட்டுப் போயிரும். நல்ல பிள்ளையா இருந்த கிளாஸ் தண்ணி குடிக்கப் பழகிரும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மெட்டல் போடுற ஸ்பட்டர் மெசின் படுத்துக்கிச்சு, குழி வெட்டின வேஃபர் லாட் ஒண்ணு திங்கக்கிழமை வரைக்கும் பெட்டியில கெடந்துச்சு. திங்கக்கிழமை மெட்டல் போட்டோம், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. டெஸ்ட்ல வரிசையா வயா எல்லாம் ஓப்பன், கரண்ட் போகல. வெட்டிப் பாத்தா குழிக்குள்ள பாதியில மெட்டல் கறுத்துப்போயி நிக்குது, சுவர்ல இருந்து வந்த தண்ணி மெட்டல அடியில போய் உக்கார விடவே இல்ல. இதுக்குப் பேரே பாய்சன்டு வயா. டங்ஸ்டன் போடுற ஆளுக பாடு இன்னும் மோசம், அவங்க டங்ஸ்டன் ஹெக்ஸாஃப்ளோரைடு கேஸ் விடுறாங்க, அது தண்ணியப் பாத்ததும் ஹெச்எஃப் (ஹைட்ரஜன் ஃப்ளோரைடு) ஆகும், ஹெச்எஃப் கண்ணாடியத் தின்னும். அன்னைக்கு நைட் ஷிப்ட்ல நான் இருந்தேன்னு எனக்குத்தான் மொதல்ல வசவு விழுந்துச்சு, ஏன் நைட்ரஜன் கேபினெட்ல வைக்கலன்னு. அப்படி வைக்கணும்னு எந்த ஷீட்லயும் எழுதியிருக்கல, அப்புறம்தான் எழுதுனாங்க, குழி வெட்டின பிறகு இத்தனை மணி நேரத்துக்குள்ள மெட்டல் விழணும், தாண்டுனா திரும்பச் சுடணும்னு. அதோட ஸ்பட்டர் மெசினுக்குள்ளயே ஒரு சூடு காட்டுற அறை, அங்க சுட்டு, காத்தே படாம வேக்குவத்துக்குள்ளயே அடுத்த அறைக்குத் தள்ளி மெட்டல் போடுறது. அது வந்தப்பறம்தான் நிம்மதி.

இன்னொரு கட்டுப்பாடும் அங்க உண்டு. கீழ அலுமினியம் இருக்கு, 660ல உருகிரும், அதனால அது விழுந்தப்பறம் 450 தாண்டவே கூடாது. தனியா நிக்கிற சிலனால் 450ல போகாது. அப்ப அது சாகுற வரைக்கும் உள்ளயேதான் இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது, பின்னாடி வர்ற எந்த வேலையும் நீ சுட்ட சூட்டத் தாண்டாம பாத்துக்கலாம், அவ்வளவுதான். தாண்டினா கேஸ் வரும். மேல வழி அடைச்சிருந்தா கீழ எறங்கி டிரான்சிஸ்டர் கிட்ட போயி அதோட ஆயுசக் குறைக்கும்.

பாஸ்பரஸ் கலந்த கிளாஸ் பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தாரு, அது இன்னும் தண்ணிக் குடிகாரன், பாஸ்பரஸ் அதிகமானா ஈரத்தோட சேந்து பாஸ்பாரிக் ஆசிட் ஆகி அலுமினியத்த அரிக்கும், உங்க வேலைக்கு வேண்டாம், விடுங்க.

இப்ப உங்க பெல் ஜாருக்கு வருவோம். லீக்கா, கேஸானு கண்டுபிடிக்க காசு செலவே இல்லாத வழி இருக்கு. ஸ்லைடு எதுவும் வைக்காம காலியா நல்லா பம்ப் பண்ணுங்க, ஹை வேக்குவம் வால்வ மூடுங்க, கையில செல்ல வச்சுக்கிட்டு அரை நிமிசத்துக்கு ஒருக்கா கேஜ் ரீடிங் எழுதுங்க, பத்து நிமிசம். அப்புறம் நாலு ஸ்லைட வச்சு அதே மாதிரி. லீக்குன்னா நேர்கோடா ஏறிக்கிட்டே இருக்கும், வெளிய இருக்கிற காத்துக்கு சலிப்பே வராதுல்ல. கேஸ் கக்குறதுன்னா மொதல்ல விறுவிறுன்னு ஏறி, போகப்போக வளைஞ்சு படுத்துக்கும். காலி ஜார்ல ஏறாம ஸ்லைடு வச்சா மட்டும் ஏறுச்சுன்னா கைடு கிட்ட அந்த ரெண்டு கோட்டையும் ஒரே கிராப்ல போட்டு நீட்டுங்க, வாய் பேச வேண்டாம். பக்கத்துல எந்த லேப்லயாவது ஆர்ஜிஏ (வேக்குவத்துல மிச்சம் இருக்கிற கேஸ மூலக்கூறு எடை வாரியா காட்டுறது) இருந்தா இன்னும் சுலபம், எடை 18ம் 17ம் ஓங்கி நின்னா தண்ணி, 28க்கு 32 நாலுல அஞ்சுல ஒரு பங்கா கூடவே நின்னு 40லயும் ஒரு பொட்டு தெரிஞ்சா அது வெளிக்காத்து, அப்ப ஓ ரிங்க திட்டலாம். 31 வந்தா எத்தனால் இன்னும் மிச்சம் இருக்கு.

எஃப்டிஐஆர் (இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல எந்தப் பிணைப்பு இருக்குன்னு காட்டுற ஸ்பெக்ட்ரம்) எடுக்க முடிஞ்சா எடுங்க, ஆனா ஸ்லைடு மேல இல்ல, சிலிக்கான் வேஃபர் துண்டு மேல கோட் பண்ணி. அலை எண் (ஒரு செமீக்கு) 3200ல இருந்து 3700 வரைக்கும் அகலமா ஒரு தொப்பை தெரிஞ்சா தண்ணியும் கைகோத்த சிலனாலும். 3745 கிட்ட ஊசி மாதிரி ஒண்ணு தெரிஞ்சா தனிக்கட்டை சிலனால். சுட்ட அன்னைக்கு ஒண்ணு, அஞ்சு நாள் மேசையில கெடந்தப்பறம் ஒண்ணு எடுத்துப் பாருங்க, தீசிஸ்ல ஒரு முழு பக்கத்துக்கு விசயம் கெடைக்கும்.

செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. கோட் போட்டதும் நேரா 400ல தள்ளாதீங்க, ஹாட் பிளேட்ல 80ல ரெண்டு நிமிசம், 150ல ரெண்டு நிமிசம், 250ல கொஞ்சம், அப்புறம் ஃபர்னஸ்ல பைய ஏத்துங்க, இல்லன்னா மேல்தோல் மொதல்ல இறுகி உள்ள இருக்கிறது வெளிய வர வழியில்லாம விரிசல் விடும். தடிமன் வேணும்னு ஒரே கோட்ல கெட்டியா போடாதீங்க, ரெண்டு மூணு மெல்லிய கோட்டா போட்டு ஒவ்வொண்ணுக்கும் சூடு காட்டுங்க, மெல்லிசா இருந்தா கேஸ் வெளிய வர்ற நேரம் ரொம்பவே குறையும், பாதி தடிமன்னா கால்வாசி நேரம் போதும். மெட்டல் போடுற அன்னைக்கே காலையில வெள்ளனா வந்து 400ல ஒரு தடவ மறுபடி சுடுங்க, பழசா இருந்தாலும் பரவாயில்ல. ஃபர்னஸ்லயே 150 வரைக்கும் ஆற விட்டு எடுத்து, சூடு இருக்கும்போதே பெல் ஜார்ல வச்சு மூடிருங்க, ஆற விட்டு டீ குடிக்கப் போனீங்கன்னா அந்த டீ முடியறதுக்குள்ள அது தண்ணி குடிச்சிரும்.

அதுக்கும் மேல ஒண்ணு, ஜாருக்குள்ள ஸ்லைடுக்குப் பின்னாடி ஒரு ஹாலஜன் விளக்கு, 500 வாட்ஸ் போதும், ஜாருக்குள்ள கரண்ட் கொண்டு போற ஃபீட்த்ரூ ஒண்ணு காலியா இருக்கும் பாருங்க, அதுல மாட்டி வேக்குவத்துலயே 200, 250 டிகிரில ஒரு மணி நேரம் சுட விடுங்க. கேஜ் மொதல்ல ஏறும், பயப்படாதீங்க, ஏறட்டும், அதுதான் வேணும். ஏறி எறங்கி பழைய இடத்துக்கு வந்தப்பறம் விளக்க அணைச்சு, ஷட்டர மூடி வச்சு ஃபிலமென்ட்ட சூடேத்தி, மொதல்ல வர்ற அலுமினியத்த ஷட்டர் மேல விழ விடுங்க. புது அலுமினியம் தண்ணியையும் ஆக்சிஜனையும் தானே பிடிச்சு வச்சுக்கும், சும்மா கெடைக்கிற பம்ப் அது. அப்புறம் ஷட்டரத் தொறந்து கொஞ்சம் வேகமாவே போடுங்க, செகண்டுக்கு ரெண்டு மூணு நானோமீட்டர், பைய போட்டா தண்ணிக்குத்தான் லாபம். ஆவிய உறைய வச்சுப் பிடிக்கிற லிக்விட் நைட்ரஜன் டிராப் உங்க யூனிட்ல இருக்குன்னா ஊத்துங்க, தண்ணிய அது மாதிரி எதுவும் பிடிக்காது, கெடைக்கலன்னா மாட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் விசாரிங்க, சினை ஊசிக்கு அவங்க வச்சிருப்பாங்க.

சனிக்கிழமை எனக்கு நாகமலை பக்கம் ஒரு பம்ப் சர்வீஸ் இருக்கு, மத்தியானம் முடிஞ்சிரும், வேணும்னா அங்க வந்துருங்க, அந்த காலி ஜார் ரீடிங்க மட்டும் எடுத்துட்டு வாங்க. பால் கலர்ல போன ஸ்லைடு ஒண்ணு ரெண்டத் தூக்கிப் போடாம கொண்டாங்க, பாத்துருவோம்.